எஸ்.எஸ். என்று ஒரு சரக்கு கிடையாது

என் கடை மேசை இழுப்பறையில் தலையில்லாத போல்ட் ஒன்று கிடக்கிறது. எம்8, 25 மில்லி. கழுத்தோடு அறுந்தது. அறுந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி வழவழப்பாக, அலை வடிந்துபோன மணலில் நிற்கும் கோடுகள்போல வரிவரியாக இருக்கும். மிச்சம் கால்வாசி சொரசொரவென்று பளிச்சிடும். வரிவரியாக இருப்பது பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. சொரசொரப்பு, கடைசி நொடியில் அறுந்தது. லிங்கிச் செட்டித் தெருவில் முப்பத்தொரு வருடமாக போல்ட், நட் விற்கிறேன். பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் அதைக் கொண்டுவந்த பையனிடம், “ரொம்ப டைட் வச்சிருப்பே தம்பி” என்று பழியை அவன் பக்கமே தள்ளினேன்.

அவன் சண்டை போடவில்லை. “இது எஸ்.எஸ். தானே அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டான். “எஸ்.எஸ். தான்” என்றேன். அது பொய்யுமில்லை; துருவேறா இரும்பைத்தான் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நாங்கள் எஸ்.எஸ். என்போம். வினையே அங்கேதான்.

கோவளத்துப் பையன். அப்பா ஃபைபர் படகில் மீன் பிடிக்கிறவர். இவன் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறான். ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப்போன ஃபாயில் போர்டு அவனிடம் இருந்தது. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். பலகைக்கு அடியில் இரண்டு முழ நீளத்தில் தட்டையான தண்டு. அதை மாஸ்ட் என்கிறார்கள். மாஸ்டின் அடியில் குட்டி விமானம் மாதிரி ஒரு உடல், முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சின்ன இறக்கை. வேகம் பிடித்ததும் தண்ணீருக்குள் இருக்கும் இறக்கை மேலே தூக்கும். பலகை தண்ணீரைவிட்டு எழும்பிச் சத்தமே இல்லாமல் காற்றில் போகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் பாய் பிடித்தும் பட்டம் பிடித்தும் இப்படி ஃபாயிலில் பறக்கும் போட்டிகளை முதன்முறையாக நடத்தினார்கள்.

இத்தனையையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது பத்துப் பன்னிரண்டு போல்ட். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். பலகையோடு மாஸ்டைப் பிடிக்க நாலு எம்8, இறக்கைகளுக்கு எம்6 அல்லது எம்8. அதில் ஒன்று கடலில் விழுந்துவிட, மாற்று போல்ட் தேடி 2022-இல் என்னிடம் வந்தான். பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் முன் இறக்கை கடலோடு போய்விட்டது. அந்த இறக்கையின் விலை அவன் இரண்டு மாதம் உழைக்கும் காசு. போல்ட்டின் விலை ஒரு டீக்கும் வடைக்கும் ஆகிற காசு.

கணக்குப் போட்டால் இது அறுந்திருக்கவே கூடாது. எம்8 போல்ட்டின் மரைப் பகுதியில் குறுக்கே வெட்டிப் பார்த்தால் 36.6 சதுர மில்லி இரும்பு. 70 என்று குறியிட்ட துருவேறா போல்ட் ஒரு சதுர மில்லிக்கு 700 நியூட்டன் தாங்க வேண்டும். பெருக்கினால் ஏறக்குறைய இரண்டரை டன். அறுபது கிலோ பையன் இரண்டரை டன் போல்ட்டை எப்படி அறுப்பான்? இரண்டு வழி. ஒன்று, நெம்புகோல். மாஸ்ட் முக்கால் மீட்டருக்கு மேல் நீளம். பலகையில் போல்ட் வரிசைகளுக்கு இடையே பக்கவாட்டில் 9 சென்டிமீட்டர்தான். மாஸ்டின் நுனியில் ஒரு கிலோ பக்கவாட்டில் தள்ளினால் போல்ட்டில் எட்டொன்பது கிலோ இழுக்கும். கடப்பாரை போட்டுக் கல் பெயர்ப்பது போலத்தான். இறக்கை போல்ட்டிலும் இதே நெம்புதான். இன்னொன்று, ஓயாத ஆட்டம். அலைக்கு அலை இழுப்பதும் விடுவதுமாக ஆயிரக்கணக்கான தடவை. நன்றாக முடுக்கிய போல்ட் இந்த ஆட்டத்தை அதிகம் உணராது. தளர்ந்த போல்ட் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்ளும். அதில் உப்பு அரித்த ஒரு சிறு குழி இருந்தால் விரிசல் அங்கே பிள்ளையார் சுழி போட்டுவிடும்.

குழி ஏன் விழுந்தது என்பதுதான் என் பாவக்கணக்கு.

மனசு கேட்காமல் அறுந்த துண்டை ஒரு சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. எக்ஸ்-ரே பாய்ச்சி அரை நிமிடத்தில் உலோகத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். நிக்கல் நாலரை சதவீதம், மாங்கனீசு ஒன்பது. மாலிப்டினம் இல்லவே இல்லை. 202 ரகம். டிபன் பாக்ஸுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் ஆகிற சரக்கு. அதைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு அனுப்பிய மொத்த வியாபாரியைக் குறை சொல்லலாம். ஆனால் பெட்டிமேல் அவர் எழுதியிருந்தது வெறும் எஸ்.எஸ். நானும் வேறு எதையும் கேட்கவில்லை. அந்த வருடம் மார்ச் 8-ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வியாபாரத்தையே நிறுத்தி வைத்தார்கள். ஒரு வாரத்துக்கு முன் முப்பதாயிரத்துக்கும் கீழே இருந்த விலை. எங்கள் தெருவே அல்லாடிய நேரத்தில் ஒரு சரக்கு மட்டும் பழைய விலைக்கே வந்தால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் காந்தத்தை நம்புகிறார்கள். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் என்று எண்ணம். 202-உம் ஒட்டாது. அதைவிட வேடிக்கை, அசல் என்று சொல்லும் 304 ரக போல்ட்டே குளிர்நிலையில் அடித்து உருவாக்கும்போது கொஞ்சம் காந்தம் பிடிக்கத் தொடங்கிவிடும். ஆக, காந்தம் நல்லதைத் திருப்பி அனுப்பவும் கெட்டதை உள்ளே விடவும் உதவும். என் அப்பா உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட காலத்திலிருந்து அந்தக் காந்தம் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கியது. இப்போது எடுத்துவிட்டேன்.

நம் ஊரில் இதற்கு எவர்சில்வர் என்று ஒரு பெயர் வைத்தோம். என்றைக்கும் வெள்ளி! கல்யாணச் சீரில் எவர்சில்வர் குடமும் அண்டாவும் வரிசை கட்டி நின்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த உலோகம் சாகும் என்றே மனசில் படாது. 1912, 13-இல் ஜெர்மனியின் குருப் ஆலைக்காரர்களும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லியும் தனித்தனியே இதைக் கண்டபோது, குரோமியம் கலந்த இரும்பின்மேல் ஒரு மெல்லிய தோல் படிவதுதான் ரகசியமாக இருந்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் சில பங்கு கனம். கீறினாலும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்து உடனே வளர்ந்துவிடும். சமையலறையில் அந்தத் தோலுக்குப் பகையில்லை. கடலில் இருக்கிறது. லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. உப்பிலிருக்கும் குளோரைடு தோலை ஊசி குத்துவதுபோலக் குத்தும். போல்ட் தலைக்கு அடியில், மரை இடுக்கில் தேங்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் தோல் திரும்ப வளராது. வெளியே தலை பளபளக்கும். உள்ளே கழுத்து கரையும்.

304-இல் நிக்கல் எட்டு சதவீதம். 316-இல் நிக்கல் இன்னும் கொஞ்சம் கூட, அதோடு மாலிப்டினம் இரண்டு முதல் மூன்று சதவீதம். அந்த இரண்டு சதவீதம்தான் உப்புக்கு எதிரான காவல். அதற்காக 316-ஐ அமிர்தம் என்று நினைக்க வேண்டாம். வங்கக் கடல் வெதுவெதுப்பான கடல். சூடு கூடக் கூட இடுக்கு அரிப்பும் கூடும். குளிர்ந்த ஐரோப்பியக் கடலில் ஒருவர் சொல்லும் ஆயுளை நம் கரையில் எதிர்பார்க்கக் கூடாது.

பையனின் மாஸ்ட் அலுமினியம். அதில் துருவேறா போல்ட், சுற்றிலும் கடல் நீர்: மூன்றும் சேர்ந்தால் ஒரு பேட்டரி. பேட்டரியில் கரைவது அலுமினியம். வெள்ளை மாவாகப் பொங்கி மரையை அடைத்துவிடும். பிறகு ஆலன் கீ வளையும், போல்ட் அசையாது. கார்பன் மாஸ்ட் என்றால் கார்பன் இன்னும் மேல்ஜாதி. அதோடு தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் இன்னும் சீக்கிரம் போகும். மரையில் நீர்புகாத கிரீஸ் தடவி, கடலிலிருந்து வந்ததும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. கிராஃபைட் கலந்த கறுப்பு கிரீஸ் மட்டும் வேண்டாம். அதுவும் கார்பன்தான். படகுக்காரர் பிள்ளைக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. “கரைக்கு வந்ததும் எஞ்சினுக்கு நல்ல தண்ணி விடாம அப்பா சாப்பிடவே உக்கார மாட்டாரு” என்றான்.

சிலர் துணிந்து கறுப்பு ஆலன் போல்ட் கேட்பார்கள், ஹைடென்சில், 12.9. இரும்பில் அது பலசாலி, ஒத்துக்கொள்கிறேன். கடலில் ஒரு வாரத்தில் செம்மண் நிறமாகும். பலம் வேறு, உப்பு தாங்குவது வேறு.

அளவிலும் ஏமாறுகிறார்கள். எங்கள் தெருவில் அங்குலக் கணக்கு இன்னும் சாகவில்லை. எட்டு நூல் ஓர் அங்குலம். பழைய லேத் பட்டறைக்காரர்கள் இரண்டரை நூல் போல்ட் என்றுதான் கேட்பார்கள். இரண்டரை நூல் என்றால் 7.94 மில்லி. எம்8 என்றால் 8. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் எம்8-க்கு மரைக்கு மரை 1.25 மில்லி, இரண்டரை நூலில் அங்குலத்துக்குப் பதினெட்டு மரை, அதாவது 1.41. இரண்டு சுற்று சொகுசாக உள்ளே போகும். மூன்றாவதில் இறுகும். ‘புது போல்ட், அதான் டைட்’ என்று கீயில் மிதித்தால் அலுமினிய மரை சுருள் சுருளாக வெளியே வரும். நீளத்திலும் ஒரு வலை. தலை பதிகிற சிஎஸ்கே போல்ட்டைத் தலையோடு சேர்த்து அளக்க வேண்டும். உருளைத் தலை ஆலன் போல்ட்டைத் தலையை விட்டு அளக்க வேண்டும். இது தெரியாமல் ஐந்து மில்லி நீளமாக வாங்கிப்போனால், போல்ட் குழியின் அடியை முட்டிப் பலகையைக் கீறிவிடும். ஆள் என்னவோ போல்ட் இறுகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். குட்டையானாலும் ஆபத்துதான். அலுமினியத்துக்குள் எம்8 போல்ட் குறைந்தது 12 மில்லியாவது பிடித்திருக்க வேண்டும்.

ஒரு பொழுதுபோக்குப் பலகைக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பலகையை விடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாலாவது மாடியில் ஏசி வெளிப்பெட்டி எதில் தொங்குகிறது என்று பாருங்கள். காசிமேட்டில், மீன்பிடித் தடைக்காலமான அறுபத்தொரு நாளில் விசைப்படகுகளைக் கரையேற்றி எந்த போல்ட்டை மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். ஏசி மாட்ட வருகிற பையன் என்னிடம் கேட்பது இரண்டே வார்த்தை, “எஸ்.எஸ். கொடுங்க.” அவன் மாட்டிவிட்டுப் போவான். கீழே நடக்கிறவர்கள் நாம்.

துருப்பிடித்த இரும்பு பொறுமையாக எச்சரிக்கும். செதில் செதிலாக உதிர்ந்து கண்ணுக்குத் தெரியும். துருவேறா இரும்புக்கு அந்த நல்ல குணம் கிடையாது. 1985 மே மாதம் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு உள்நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை அப்படியே கீழே விழுந்து 12 பேர் செத்தார்கள். கூரையைத் தாங்கித் தொங்கியவை துருவேறா இரும்புக் கம்பிகள். குளத்துக் காற்றிலிருந்த குளோரைடு அவற்றில் விரிசல் விட்டிருந்தது. அது நல்ல ரகம் என்று எல்லாரும் நம்பிய கம்பி.

இந்த அறிவு நமக்குப் புதிதில்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. மண்டபத்தில் கடலரிப்புக்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருவேறா கம்பி, தனிவகைப் பூச்சு, முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள் என்று ரயில்வே பார்த்துப் பார்த்துச் செய்தது. அரசுக்கும் விஞ்ஞானிக்கும் தெரிந்த விஷயம் என் கல்லாப்பெட்டியைத் தாண்டி வாடிக்கையாளரிடம் போகவில்லை. தடுத்து நின்றது நான், என்னைப்போன்ற நூற்றுக்கணக்கான கடைக்காரர்கள்.

ஆகவே என் கோரிக்கை என் சொந்தத் தெருவுக்குத்தான். பில்லில் ‘எஸ்.எஸ். போல்ட் - 12’ என்று எழுதுவதை நிறுத்துவோம். ‘எம்8 × 25, சிஎஸ்கே ஆலன், ஏ4-70, 12’ என்று எழுதுவோம். ஐ.எஸ்.ஓ. 3506 தரப்படி செய்த அறுகோணத் தலை போல்ட், ஆலன் போல்ட் எதுவானாலும் எம்5 அல்லது அதற்கு மேல் அளவு என்றால் தலையிலேயே ரகம் பொறித்திருக்க வேண்டும்: 304 குடும்பத்துக்கு ஏ2, 316 குடும்பத்துக்கு ஏ4, அதன் பக்கத்தில் பலத்துக்கு 70 அல்லது 80, கூடவே செய்தவரின் அடையாளம். சிஎஸ்கே தலையில் இடம் குறைவு. அங்கே பெட்டியின் லேபிளையும் டி.சி.யையும் பாருங்கள். டி.சி. என்றால் பள்ளிக்கூடத்து டி.சி. இல்லை, உலோகத்தின் சோதனைச் சான்று. அதிலிருக்கும் வார்ப்பு எண்ணும் பெட்டியிலிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பெட்டியை ‘வீட்டு உபயோகம்’ என்று எழுதித் தனியே வையுங்கள். அதற்கும் ஆள் உண்டு, பாவமில்லை.

சங்கத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். “ஒரு போல்ட் வாங்க வர்றவனுக்கு டி.சி. காட்டணுமா அண்ணாச்சி?” என்றார் ஒருவர். பன்னிரண்டு போல்ட் வாங்குபவனுக்கு நூறு போல்ட் பெட்டியின் சான்றைக் காட்டுவதில் என்ன நஷ்டம்? 316 என் கடையில் 304-ஐவிட ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு விலை. வித்தியாசம் சில நூறு ரூபாய். வாங்குகிறவரும் யோசிக்க வேண்டும். லட்ச ரூபாய்ப் பலகைக்குப் போல்ட் வாங்க வந்து இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்தான் அசல் என்று வாரக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. பாரிமுனையில் கிடைக்காத 316 கிடையாது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இறக்கையின் விலையில் பாதியை அந்தப் பையனுக்குக் கொடுத்தேன். மீதியை அவன் வாங்க மறுத்துவிட்டான். “நானும் கேக்காமதான வாங்கினேன்” என்றான். இப்போது வரும்போது சின்ன நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டு வருகிறான். போன மாதம் ஏ4-70 பன்னிரண்டு, உபரியாக நாலு. லேபிளையும் சான்றையும் பக்கத்தில் வைத்து எண்களை அவனே ஒத்துப்பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாக மரையைத் தடவி, தலையை லென்ஸில் பார்த்து எண்ணிப் பையில் போட்டான். ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தான். தலைக்குழியின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. வேறொன்று மாற்றிக் கொடுத்தேன்.

பணம் கொடுத்துவிட்டுப் படியிறங்கியவன் திரும்பி நின்றான்.

“அன்னைக்கு அந்தப் பெட்டியிலேர்ந்து அப்பா படகுக்கும் எட்டு போல்ட் வாங்கிட்டுப் போனேன் அண்ணாச்சி. எஞ்சின் மாட்டுற பலகையில அதுதான் இன்னும் இருக்கு. அப்பா ராத்திரி தொழிலுக்குப் போவாரு.”

ஏ4 பெட்டியிலிருந்து எட்டு போல்ட் எண்ணி எடுத்தேன். காசு வாங்கவில்லை. “இன்னைக்கே மாத்திரு. பழசை என்கிட்ட கொண்டா” என்றேன்.